மாற்றிக் கேட்ட வேண்டுதல்

போன மாதம் ஒரு புதன்கிழமை ஆரோக்கியம் போன் பண்ணினான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு பண்ணுவதுதான் அவன் வழக்கம். இதென்னடா நடு வாரத்தில் என்று பதறிக்கொண்டு எடுத்தேன். மகள் ஸ்டெல்லாவுக்கு ஜெர்மனியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது, விசா நேர்காணலுக்குத் தேதி வந்துவிட்டது என்றான். நல்ல சேதிதானே, குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவனே சொன்னான்.

"ஏலே மாப்ள, உன் சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வையி. எங்கம்மா இருந்தா உங்கம்மாகிட்ட சொல்லியிருக்கும். இப்ப உன்னைய விட்டா யாரு இருக்கா?"

சரிடா என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை. நான் சாமி கும்பிடுவதில் பெரிய கெட்டிக்காரன் இல்லை. அமெரிக்காவிலிருந்து திரும்பிக் கோயம்புத்தூருக்குக் குடிவந்து இத்தனை வருஷத்தில் திண்டுக்கல் போகிறபோதெல்லாம் பஸ் பழனி வழியாகத்தான் போகிறது. ஜன்னலில் மலை தெரியும், கன்னத்தில் போட்டுக்கொள்வேன், அத்தோடு சரி. இறங்கி ஏறியதில்லை. ஏறாததற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அமெரிக்கா என்றால் பிரியாணி வாசம்தான் ஞாபகத்துக்கு வரும். சிரிக்காதீர்கள். தொண்ணூறுகளின் கடைசியில், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரியாணிக் கடை மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று சன்னதி மாதிரி வைத்திருந்தார்கள். ஏசி வேறு. நாங்கள் வீட்டில் வேர்வையில் புழுங்கிக் கிடந்துவிட்டு வந்து, அந்தக் குளிரில் வெறுங்காலோடு உட்கார்ந்து, சார் கரும்பலகையில் எழுதுகிற ஆங்கில எழுத்துகளை அப்படியே தட்டுவோம். என்ன தட்டுகிறோம் என்பது பாதிப் பேருக்குப் புரியாது. பதினொரு மணி சுமாருக்குக் கீழே தம் உடைப்பார்கள். சீரகச் சம்பா அரிசியும் நெய்யும் கறியும் சேர்ந்த அந்த வாசம் எந்த இடுக்கு வழியாகவோ மேலே ஏறி வந்துவிடும். மொத்த வகுப்பும் தலையைத் தூக்கும். சாரும் தூக்குவார், பாவம்.

எங்கள் பேட்சில் கணக்குப் படித்தவன், பௌதிகம் படித்தவன், பி.காம் முடித்த பெண்கள், தமிழ் இலக்கியம் படித்துவிட்டு வந்த ஒருத்தன் என்று எல்லோரும் இருந்தோம். எல்லோருக்கும் ஒரே நினைப்பு. எவனுடைய மாமா பையன் எந்த ஊரில் இருக்கிறான், அங்கே என்ன கார் வைத்திருக்கிறான் என்பதுதான் பேச்சு. அமெரிக்காவில் சன்னிவேல் எங்கே இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கிற வேடசந்தூர் எந்தப் பக்கம் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன். அப்படி ஒரு கிறுக்கு.

ஆரோக்கியமும் நானும் ஒரே காம்பவுண்டுக்காரர்கள். வரிசையாக ஏழெட்டு வீடுகள், எல்லாருக்கும் சேர்த்து ஒரே குழாய். என் அப்பா ஊருக்கு வெளியே ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதினார். ஆரோக்கியத்துக்கு அப்பா இல்லை. நாங்கள் ஸ்கூலில் படிக்கும்போதே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவன் அம்மா லூர்துமேரி, எனக்கு லூர்து அத்தை, கான்வென்ட் ஹாஸ்டலில் சமையல். ஒரே பிள்ளை. என் அம்மாவும் அவளும் ஒருத்தரை ஒருத்தர் மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் முருகன், அவர்கள் வீட்டில் மாதா. நடுவில் ஒரு சுவர்தான். கார்த்திகைக்கு எங்கள் வீட்டுப் பொரி உருண்டை அங்கே போகும், கிறிஸ்மஸுக்கு அங்கிருந்து முறுக்கும் அதிரசமும் தூக்குவாளியில் வரும்.

திண்டுக்கல்காரர்களிடம் தண்ணீர்க் கஷ்டத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. குழாயில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்தால் எப்போது நிற்கும் என்றும் தெரியாது. லூர்து அத்தை விடியுமுன்னே ஹாஸ்டலுக்குக் கிளம்பிவிடுவாள். அவள் குடங்களையும் அம்மாதான் வரிசையில் வைப்பாள். அம்மா தாடிக்கொம்புப் பக்கம் மாமாக்கள் தோட்டத்தில் பூ எடுக்கப் போன நாளில் அத்தை எங்கள் குடங்களை வைப்பாள். இதில் காம்பவுண்டுக்கு என்று ஒரு சட்டம் இருந்தது. அடுத்தவளுக்காக நின்றால் அவள் குடத்தைத்தான் முதலில் நிரப்ப வேண்டும், உன்னுடையது அப்புறம். நடுவில் தண்ணீர் நின்றுவிட்டால் நின்றதுதான், உன் குடம் காலி. கொடிக்கயிற்றுக்கும் குப்பைக்கும் குடுமிப்பிடிச் சண்டை போடுகிற பெண்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிசகியதே இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்தது எல்லாம் இந்தக் குழாயடிச் சட்டத்தில்தான் வந்து முடிந்தது.

வெளிநாடு போவதற்கு நாங்கள் எடுத்த பயிற்சிகளைக் கேட்டால் நீங்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள். கம்ப்யூட்டரை விட அந்தப் பயிற்சிகளைத்தான் சிரத்தையாகச் செய்தோம். சாயங்காலம் மலைக்கோட்டையில் ஏறி, அங்கே கிடக்கும் பீரங்கி மேல் ஆரோக்கியம் உட்கார்ந்துகொள்வான். அவன்தான் விசா ஆபீசர். நான் கீழே கைகட்டி நிற்பேன். 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்பான், மூக்கால் பேசி. எனக்கு ஐ ஆம் என்பதற்கு மேல் நாக்கு புரளாது. அவனோ சிஸ்டர்களிடம் படித்த இங்கிலீஷ், தண்ணியாய் ஓடும். ஆடு மேய்க்க வந்த ஒரு பெரியவர் தினமும் எங்களைப் பார்த்துவிட்டு, ஒருநாள், பெரிய ஆபீசர் தம்பி சொல்றதக் கேட்டு நடந்துக்கப்பு என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

முள்கரண்டியில் சாப்பிடப் பழக வேண்டும் என்று வந்தது அடுத்து. பிஷப் வரும்போது மட்டும் எடுக்கிற முள்கரண்டிகளை லூர்து அத்தை ஹாஸ்டலிலிருந்து சொல்லிவிட்டே வாங்கி வந்தாள். அதில் தோசையைக் குத்திக் குத்தி, சட்னி சட்டையெல்லாம் தெறித்து, கடைசியில் பசி தாங்காமல் கையாலேயே தின்போம். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். வேலை நேரத்தில் தலையில் துணி கட்டியிருப்பாள். அவிழ்த்தால் முடி இடுப்புக்குக் கீழே விழும். அம்மா அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். அம்மாவுக்குக் கொத்தமல்லிக் கட்டு அளவுதான்.

அப்புறம் குளிர்ப் பயிற்சி. இது ஆரோக்கியத்தின் யோசனை. டிசம்பர் மாதம் கொடைரோட்டில் பஸ் பிடித்துக் கொடைக்கானல் போய், ஏரிக்கரையில் ஸ்வெட்டர் இல்லாமல் விடிகாலையில் நிற்பது. இதைத் தாங்கினால் அமெரிக்காவையும் தாங்கலாம் என்பது கணக்கு. நின்றோம். தாங்கவில்லை. இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்து, அம்மாவும் அத்தையும் மாறி மாறிக் கஞ்சி வைத்தார்கள். அமெரிக்காவில் யாரும் ரோட்டில் வெறும் சட்டையோடு நிற்பதில்லை, எல்லா வீட்டிலும் ஹீட்டர் இருக்கும் என்பது போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதைப் போன் பண்ணி அவனிடம் சொல்ல நினைத்தேன். ஆனால் எப்படிச் சொல்வது?

அவசரப்படுகிறேன். கதைக்கு வருவோம்.

சென்னையில் ஆள் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனி எங்கள் இரண்டு பேரையும் எடுத்தது. உண்மையைச் சொன்னால், அவனை எடுத்தார்கள், கூடவே என்னையும் எடுத்தார்கள். விசா நேர்காணல் இரண்டு பேருக்கும் ஒரே நாள். அந்தத் தேதி வந்த வாரம், அத்தைக்கு லீவு கிடைத்த ஒரு காலையில், குழாயடியில் ஓர் ஒப்பந்தம் நடந்தது. நான் பல் தேய்த்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

லூர்து அத்தைதான் ஆரம்பித்தாள். "நம்ம பிள்ளைக்கு நாமளே எம்புட்டுத்தான் கேக்குறது மதினி? சாமிக்கே சலிச்சுப் போயிருக்கும். நீ எம்புள்ளைக்குக் கேளு. நான் ஒம்புள்ளைக்குக் கேக்குறேன்."

அம்மா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, அதுதான் சரி என்றாள். ஆரோக்கியத்துக்கு விசா கிடைத்தால் பழனிக்கு நடந்து போய் முடி இறக்குவதாக அம்மா முருகனுக்கு வேண்டிக்கொள்வது. எனக்குக் கிடைத்தால் வேளாங்கண்ணியில் முடி கொடுப்பதாக அத்தை மாதாவுக்கு வேண்டிக்கொள்வது. உன் முடியால முருகனுக்கு என்ன ஆதாயம் என்று அப்பா அம்மாவைக் கேலி பண்ணினார். அத்தை ஊர்க் கோயிலிலேயே மாதா முன்னால் முழந்தாளிட்டுச் சொல்லிவிட்டு வந்தாள். அம்மா, இதையெல்லாம் நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும் என்று பஸ் ஏறிப் பழனிக்குப் போய், மலை ஏறி, சன்னதியில் நின்று சொல்லிவிட்டு வந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஏகச் சிரிப்பு. சாமிகளுக்குள்ளே டிரான்ஸ்ஃபர் என்று கிண்டலடித்தோம்.

சென்னையில் தூதரகத்துக்கு வெளியே நடைபாதையில் காலையிலேயே வரிசை. நாடு முழுக்க உள்ள இஸ்திரி போட்ட சட்டைகளெல்லாம் அன்று அங்கேதான் நின்றன. வரிசையில் ஆரோக்கியம் எனக்கு முன்னால் நின்றான். நான் கையில் இருந்த காகிதங்களைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். நிற்க நிற்கப் பயம் கூடுதுல்ல, நீ முதல்ல போயி முடிச்சுட்டு வா என்று என்னைப் பிடித்து முன்னால் விட்டான். அவன் இடத்தில் நான் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி, உங்கள் ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டாள். மனப்பாடம் பண்ணியதெல்லாம் மறந்துபோய், பிரியாணி என்றேன். சிரித்துவிட்டாள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

ஆரோக்கியத்தைப் பக்கத்து ஜன்னலுக்குக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது பாஸ்போர்ட் அவன் கையிலேயே இருந்தது. கையில் இருந்தால் என்ன அர்த்தம் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். என்னடா கேட்டார்கள் என்றேன். எல்லாத்துக்கும் சரியாத்தாண்டா சொன்னேன் என்றான். அதற்கு மேல் அவனுக்கும் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

ஊருக்குத் திரும்பும் ரயிலில் நான்தான் பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவன் டீ வாங்கிக் கொடுத்தான். வீட்டில் தானே சொல்வதாகவும், நான் இந்த மூஞ்சியோடு போய் இறங்கினால் எனக்கும் கிடைக்கவில்லை என்று நினைத்துவிடுவார்கள் என்றும் சொன்னான். மறுநாள் காலை காம்பவுண்டுக்குள் நுழைந்தபோது நல்ல வேளையோ கெட்ட வேளையோ, குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. எங்களை எதிர்பார்த்து அத்தை ஹாஸ்டலுக்கு லீவு போட்டிருந்தாள், அம்மாவும் அவளும் அங்கேதான் இருந்தார்கள். இவனுக்குக் கெடச்சுருச்சு அத்தை என்று அவன் தூரத்திலிருந்தே என் அம்மாவைப் பார்த்துச் சத்தம் போட்டான், தனக்கே கிடைத்த மாதிரி.

லூர்து அத்தை ஈரக்கையை என் தலையில் வைத்து, மாதா கேட்டுட்டாடா என்றாள். கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்து, "உனக்கு அப்பு?" என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான். குழாய்க்கு அடியில் இருந்தது அத்தையின் குடம். நிரம்பி வழிந்தது. எடுத்து நகர்த்த வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றவில்லை. பெற்ற மகனுக்கு விசா கிடைத்த நாளில் ஓர் அம்மாவின் முகம் அப்படிச் செத்துப்போய் நான் பார்த்ததில்லை. அன்று வீட்டில் பாயசம் வைக்கவில்லை. அப்பா கேட்டதற்கு, பால் திரிந்துவிட்டது என்றாள்.

கிளம்புகிற வேலைகளில் எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. பெட்டி வாங்குவது, ஊறுகாயை எப்படிக் கட்டுவது என்று வீடே அமளி. லூர்து அத்தை இரண்டு நாள் லீவு போட்டு வேளாங்கண்ணி போயிருக்கிறாள் என்றார்கள். நான் கிளம்புவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று போயிருக்கிறாள்.

எங்கள் பக்கம் ஒருத்தன் வெளிநாடு போகிறான் என்றால் ஊரே ரயிலேற்ற வரும். சாயங்கால ரயிலுக்கு மத்தியானமே பிளாட்பாரம் நிறைந்துவிட்டது. மாலை போட்டார்கள், எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள், திருநீறு பூசினார்கள். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, எல்லாவற்றையும் முன்னால் நின்று நடத்தினாள். ஆரோக்கியம் பெட்டியை உள்ளே ஏற்றி, சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை என் சட்டைப் பையில் போட்டான். அத்தை எங்கேடா என்றேன். இங்கதான் எங்கயாச்சும் நிக்கும் என்றான். ரயில் நகர்ந்த பிறகுதான் பார்த்தேன். பார்சல் மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னால், சந்தனம் பூசிய மொட்டைத் தலை. முக்காட்டைப் பாதி இழுத்துவிட்டுக்கொண்டு கையை ஆட்டினாள். நான் கையை ஆட்டுவதற்குள் அந்த இடம் தாண்டிவிட்டது. ஏன் இவ்வளவு தள்ளி நிற்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கூட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

புரிந்தது இரண்டு வருஷம் கழித்து, முதல் லீவில் வந்தபோது. தாலியறுத்தவ, அதுலயும் மொட்டை, பயணம் போற பிள்ளை எதிர்ல வரலாமா என்று பெரியம்மா சாடையாகச் சொல்லியிருக்கிறாள். அத்தை மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டாள். எனக்காகக் கொடுத்த முடி. அதனாலேயே என் கண்ணில் படக்கூடாது என்று ஒதுங்கி நின்றிருக்கிறாள். அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் பெரியம்மா வீட்டு வாசலில் போய் நின்று, அந்தத் தலை யாருக்காக மொட்டையாச்சுன்னு தெரியுமாடி என்று கத்திவிட்டு வந்தாளாம். அதன் பிறகு அக்காவும் தங்கையும் சாகிறவரை பேசிக்கொள்ளவில்லை.

அந்த லீவில்தான் அம்மா இன்னொன்றும் சொன்னாள். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து காம்பு பொறுக்கினேன். ஏம்மா பழனிக்கு இப்போதெல்லாம் போவதில்லை என்று சும்மா கேட்டேன். தைப்பூசத்துக்கு எங்கள் ஊர் வழியாக நடந்து போகிறவர்களுக்கு ரோட்டோரம் நின்று மோர் ஊற்றுகிறாள், ஆனால் மலைக்கு மட்டும் போகிறதில்லை என்று அப்பா சொல்லியிருந்தார். வேண்டியது நடக்காமல் முடி இறக்க முடியாது, நடக்காததற்காகச் சாமியைக் கோபிக்கவும் முடியாது. என்னதான் செய்வாள் என்று நினைத்துக் கேட்டேன்.

கீரையிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள். "அங்க நிக்கும்போது வாயில அவன் பேருதாண்டா இருந்துச்சு. தீபாராதனை காட்டுனாங்க. அந்த வெளிச்சத்துல ஒரு செத்த நேரம் உன் மொகம் வந்துருச்சு. நான் என்ன பண்ணுவேன்? சாமிக்கு அதுதான் கேட்டுருச்சு."

அப்படியெல்லாம் இல்லம்மா என்று என்னென்னவோ சொன்னேன். கம்பெனி, ஜன்னல், ஆபீசர் என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். எல்லாம் முடிந்ததும், "அவ முழுசாக் கேட்டா. நான் பாதிதான் கேட்டேன். அவ குடத்துல பிடிக்க வேண்டியத என் குடத்துல பிடிச்சுட்டேன்" என்றாள். எந்த விளக்கமும் எடுபடவில்லை.

வாரா வாரம் போனில் பேசி முடிக்கும்போது அம்மா குரலைத் தாழ்த்தி, ஆரோக்கியத்துக்கு அங்க ஏதாச்சும் பாரு என்பாள். பார்த்தேன். அவன் விவரங்களை வாங்கி நாலு இடத்துக்கு அனுப்பினேன், தெரிந்தவர்களிடம் சொன்னேன். நான் போன சூட்டிலேயே அங்கே தொழில் படுத்துவிட்டது. இருக்கிறவர்களையே மூட்டை கட்டி அனுப்பிக்கொண்டிருந்த சமயம். இதெல்லாம் உண்மை. ஆனால் முழுசாகத்தான் முயன்றேனா, பாதியாகவா என்று யாராவது கேட்டால், அம்மா மாதிரிதான் நானும் முழிப்பேன். நமக்குள்ளே எது எவ்வளவு கேட்கிறது என்று நமக்கே தெரிவதில்லை.

ஆரோக்கியம் எங்கள் பழைய கம்ப்யூட்டர் சென்டரிலேயே வாத்தியாராகச் சேர்ந்தான். அவனிடம் படித்த பிள்ளைகள் சிங்கப்பூரிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். அவன் அங்கேயே பிரியாணி வாசத்தில் உட்கார்ந்திருந்தான். அப்பா போன பிறகு, கேஸ் சிலிண்டர் சொல்வது, அம்மாவைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப் போவது, ரேஷன் கார்டில் பேர் திருத்துவது எல்லாம் அவன்தான். விசா எனக்கு, மகன் வேலை அவனுக்கு என்று ஆகிவிட்டது. ஒருமுறை இதை அவனிடமே சொன்னேன். போடா லூசு, உங்கம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்புக்குத்தான் போறேன் என்றான்.

அம்மா இறந்தபோது நான் விமானத்தில் இருந்தேன். லூர்து அத்தைதான் குளிப்பாட்டிச் சேலை மாற்றினாள். நான் வந்து சேரும்வரை ஐஸ் பெட்டிப் பக்கத்தை விட்டு ஆரோக்கியம் நகரவில்லை என்றார்கள். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து, அந்த நாற்காலியை எனக்கு விட்டான். தூதரக வாசலில் வரிசையில் என்னை முன்னால் விட்டானே, அதே மாதிரி. நான் அழுதது அம்மாவுக்காக மட்டும் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து திரும்புவதற்கு முதல் நாள் லூர்து அத்தையிடம் போய் உட்கார்ந்தேன். அவளுக்கு முடி திரும்ப வளர்ந்திருந்தது, ஆனால் பழைய மாதிரி இல்லை. வெள்ளையாக, தோள் வரைக்கும்தான். அம்மா கீரை உருவிக்கொண்டே சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன். அம்மா சார்பில் மன்னிப்புக் கேட்பதுதான் என் நோக்கம். ஆரோக்கியம் அப்போது வீட்டில் இல்லை. ஸ்டெல்லா அப்போது கைக்குழந்தை, அத்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அத்தை குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "உங்கம்மா பைத்தியக்காரி. இதையா இம்புட்டு வருசம் நெஞ்சுல வச்சிருந்தா? நான் மட்டும் என்ன? மாதா முன்னாடி உன் பேரச் சொல்லித்தான் கேட்டேன். கேட்டு எந்திரிக்கும்போது, எம்புள்ள எங்கூடவே இருந்தா தேவலைன்னு ஒரு நெனப்பு ஓடுச்சு. மாதாவுக்கு ரெண்டுமே கேட்டுருச்சு."

அவள் என் கையைப் பிடித்தாள். "இத அவன்கிட்ட மட்டும் சொல்லிறாத. சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன்.

அவள் சொன்னது நிஜமா, அல்லது செத்துப்போன தன் மதினியின் பாரத்தை இறக்கி வைப்பதற்காகத் தன் தலையில் போட்டுக்கொண்டாளா? ரயிலடியில் மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றவள், இதையும் செய்யக்கூடியவள்தான். எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நிஜமாக இருந்தாலும் சரி, பொய்யாக இருந்தாலும் சரி, இருபது நாள் முன்னால் அம்மா காதில் விழுந்திருந்தால் அவள் பழனிமலை ஏறியிருப்பாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. நான் லீவில் வந்த அன்றே இரண்டு பேரையும் குழாயடியில் உட்கார வைத்துப் பேச விட்டிருக்கலாம். எனக்கு அது தோன்றவேயில்லை. சில வருஷங்களில் அத்தையும் போய்விட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஆரோக்கியம் போன் பண்ணி, உன் சாமியிடம் சொல் என்கிறான்.

அந்தச் சனிக்கிழமை பழனியில் இறங்கினேன். மலை ஏறினேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒட்டன்சத்திரத்து அம்மா ஒருத்தி, மரியாதையாக, "ஏனுங்க, யாருக்குங்க வேண்டுதல்?" என்று கேட்டாள். சிநேகிதன் மகளுக்கு என்றேன். நல்லதுங்க என்றாள். சன்னதிக்கு முன்னால் நிற்க விடுகிற நேரம் கொஞ்சம்தான். நகருங்க நகருங்க என்று ஒருவர் தள்ளிக்கொண்டே இருக்கிறார். ஸ்டெல்லாவுக்கு விசா கிடைக்க வேண்டும், முருகா என்று வாய்விட்டே சொன்னேன். உள்ளே தீபம் காட்டினார்கள்.

அப்போது எனக்கும் அது வந்தது. ஸ்டெல்லாவின் முகம் வரவில்லை. தலை நரைத்த ஆரோக்கியம், மனைவியோடு உட்கார்ந்து, மகள் சாப்பிட்டிருப்பாளா என்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பது வந்தது. அவனுக்கும் ஒரே பிள்ளை. அவனுடைய ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது. நகருங்க என்று முதுகில் கை வைத்தார்கள். வெளியே வந்துவிட்டேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஆரோக்கியம் காத்திருந்தான். நேரே அந்தப் பிரியாணிக் கடைக்குத்தான் போனோம். மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் இல்லை. ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிற இடமாம் இப்போது. ஸ்டெல்லா அங்கேதான் படித்தாள். படிக்கட்டில் செருப்புகளும் இல்லை, எல்லோரும் ஷூவோடு மேலே போகிறார்கள். வாசம் மட்டும் அதேதான். எங்கள் காம்பவுண்டை இடித்து நாலு மாடி கட்டிவிட்டார்கள், குழாய் இருந்த இடத்தில் யாரோ கார் நிறுத்துகிறார்கள் என்றான். தண்ணீர் இப்போது மோட்டார் போட்டால் மேலே ஏறிவிடுகிறது. யாரும் யாருக்காகவும் குடம் வைக்க வேண்டியதில்லை.

இலையில் கறியைப் பிட்டுக்கொண்டே, "நல்லாக் கேட்டியா?" என்றான்.

"கேட்டேன்டா."

"முழுசா?"

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். முழுசாத்தான் கேட்டேன் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு, அவன் இலையில் இருந்த நல்ல துண்டை எடுத்து என் இலையில் வைத்தான்.

முன்பெல்லாம் இப்படி ஒரு நினைப்பு ஓடிவிட்டால், அம்மாவும் அத்தையும் போய்ச் சொல்லியிருக்க ஓர் ஆளாவது இருந்தது. நானும் அப்படித்தான் நினைச்சேன், போ என்று சொல்வதற்கு ஒரு மதினி இருந்தாள், அது பொய்யாகவே இருந்தாலும். அந்த இரண்டு பேரும் இல்லை. அவர்கள் ஒருத்தருக்கொருத்தர் கடைசிவரை சொல்லிக்கொள்ளாமலே போனதைத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். எனக்கென்று மிச்சம் இருக்கிற ஒரே ஆள் எதிரில் உட்கார்ந்து, சாப்பிடுடா ஆறிரும் என்கிறான். அவனிடம்தான் சொல்ல முடியாது, என்னுடையதைச் சொன்னால் அத்தை சொன்னதும் கூடவே வந்துவிடும். அத்தை சத்தியம் வாங்கியிருக்கிறாள்.